நேர்காணலுக்குத் தயாராவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கு ஆள் எடுக்கும் குழுக்களில் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்பு எதிர் நாற்காலியில் உள்ளங்கை வியர்க்க உட்கார்ந்த நாட்களும் நிறைய உண்டு. ஒரு விஷயம் இன்றும் மனதை உறுத்துகிறது. நன்றாக வேலை செய்யக்கூடியவர்கள் பலர், தாங்கள் செய்ததை எடுத்துச் சொல்லத் தெரியாத ஒரே காரணத்தால் என் கண்முன்னே வாய்ப்பைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். வேலை தேடும் நண்பர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எத்தனை நாள் முன்பே தயாராகத் தொடங்க வேண்டும்?

ஒரு வாரம் கிடைத்தால் நிம்மதியாகத் தயாராகலாம். தினம் ஒரு மணி நேரம் போதும். தொழில்நுட்பத் தேர்வும் சேர்ந்திருந்தால் கூடுதல் நாட்கள் வேண்டும், அது பாடத்தின் அளவைப் பொறுத்தது.

நாளைக்கே நேர்காணல் என்றால் மூன்று காரியங்களை மட்டும் செய்யுங்கள். வேலை அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள். உங்கள் ரெஸ்யூமேயில் இருக்கும் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அறிமுகத்தை ஐந்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் தூங்கிவிடுங்கள். இரவு இரண்டு மணி வரை படித்துவிட்டு வருபவரின் முகம் உள்ளே நுழையும்போதே சொல்லிவிடும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

வேலை அறிவிப்பிலிருந்து. பெரும்பாலோர் அதை விண்ணப்பிக்கும்போது ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பதோடு சரி. கேள்வித்தாளில் பாதி அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வரியையும் கேள்வியாக மாற்றி எழுதிப் பாருங்கள். "வாடிக்கையாளர் புகார்களைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும்" என்று இருந்தால், "கோபமாக வந்த ஒருவரை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்ற கேள்வி வரும். "குறித்த காலத்துக்குள் பணிகளை முடிக்கும் திறன்" என்று இருந்தால், "ஒரே நேரத்தில் மூன்று அவசர வேலைகள் வந்தால் எதை முதலில் செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள் தேறும். நாங்கள் கேள்விகளைத் தயாரிக்கும்போதும் மேசை மேல் இருப்பது அதே தாள்தான்.

அறிவிப்பைக் கணினியிலோ போனிலோ சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களை அழைக்கத் தொடங்கியதும் பல இடங்களில் அறிவிப்பை எடுத்துவிடுவார்கள்.

நிறுவனத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

தொடங்கிய ஆண்டு, தலைவர் பெயர், கிளைகளின் எண்ணிக்கை எல்லாம் மனப்பாடமாகத் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் என்ன விற்கிறார்கள் அல்லது என்ன சேவை தருகிறார்கள், யாருக்குத் தருகிறார்கள், நீங்கள் சேரப்போகும் வேலை அதில் எங்கே வருகிறது என்ற மூன்றும் தெளிவாகத் தெரிந்தால் போதும். "எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கும் பதில் அங்கிருந்தே கிடைக்கும். "பெரிய நிறுவனம், நல்ல பெயர்" என்பது யாருக்கும் எங்கேயும் சொல்லக்கூடிய பதில். அதைக் கேட்டு எந்தக் குழுவும் குறிப்பு எழுதி நான் பார்த்ததில்லை.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பிறந்த ஊரிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் தொடங்க வேண்டாம். அதெல்லாம் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. இப்போது என்ன செய்கிறீர்கள், இந்த வேலைக்கு உதவக்கூடிய எதை இதற்கு முன் செய்திருக்கிறீர்கள், இங்கே ஏன் வந்தீர்கள் என்ற மூன்றையும் ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லி முடியுங்கள்.

லியோனார்டோ டா வின்சியின் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. 1482 வாக்கில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதப்பட்டது. அன்றைய மிலானுக்குப் போர்க் கவலை. அதனால் கடிதத்தின் பெரும்பகுதியில் எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள், கோட்டைகளைத் தகர்க்கும் வழிகள் என்று போருக்கு உதவுபவற்றையே அடுக்குகிறார். கட்டடக்கலையும் சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான் வருகின்றன. அவ்வளவு பெரிய ஓவியர், கேட்பவருக்கு எது தேவையோ அதை முன்னால் வைத்தார். உங்கள் அறிமுகத்திலும் எது முன்னால் வர வேண்டும் என்பதை அந்த வேலை முடிவு செய்யட்டும். போன வாரம் வேறொரு நிறுவனத்தில் சொன்ன அறிமுகத்தை அப்படியே இங்கேயும் சொன்னால் பொருந்தாது.

"ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்ற வகைக் கேள்விகளை எப்படிச் சமாளிப்பது?

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். "கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?", "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்", "நேரம் போதாத நிலையில் ஒரு வேலையை எப்படி முடித்தீர்கள்?" போன்றவை எல்லாம் இந்த வகை.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள், ஆள் தேர்வு பற்றி 85 ஆண்டுகளாக வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனம்போன போக்கில் பேசி ஆளை எடைபோடுவதைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்டு மதிப்பெண் போடும் முறைதான் ஒருவர் பிற்காலத்தில் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் காட்டுகிறது என்று அதில் தெரியவந்தது. 2022-இல் வேறொரு குழு அந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்தபோது இந்த முறை முதலிடத்துக்கே வந்தது. அதனால்தான் பல இடங்களில் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, பதிலில் என்ன இருந்தால் எத்தனை மதிப்பெண் என்றும் குறித்து வைத்திருக்கிறார்கள். பேச்சு எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அதில் நடந்த விஷயம் ஒன்றுமில்லை என்றால் மதிப்பெண் தாளில் எழுத எதுவும் இருக்காது.

ஸ்டார் என்று ஒரு முறை சொல்லிக்கொடுப்பார்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆனது என்ற வரிசை அது. நல்ல முறைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு வருபவர்கள்கூட நிலைமையை விவரிப்பதிலேயே மூன்று நிமிடம் செலவழித்துவிட்டு, தாங்கள் செய்ததை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நேரத்தைத் தலைகீழாகப் பங்கிடுங்கள். நிலைமைக்கு இரண்டு வாக்கியம் போதும், செய்ததற்குத்தான் பாதிக்கு மேல் நேரம் வேண்டும்.

ஒரு உதாரணம். கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் இப்படிச் சொல்கிறார்: "எங்கள் கிடங்கில் சரக்குக் கணக்கில் அடிக்கடி குழப்பம் வரும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து உழைத்து அதைச் சரிசெய்தோம்." இதில் அவர் எங்கே இருக்கிறார்? அவரே இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: "மாதக் கடைசியில் கணக்கும் சரக்கும் ஒத்துப்போகாது. எங்கே தவறுகிறது என்று இரண்டு வாரம் நானே தினமும் குறித்து வைத்தேன். மாலை ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்தில் வந்து இறங்கும் பெட்டிகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்று தெரிந்தது. ஷிப்ட் முடித்துப் போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து கையெழுத்துப் போடும்படி ஒரு தாள் தயாரித்து, மேற்பார்வையாளரிடம் பேசி ஒப்புதல் வாங்கினேன். அடுத்த மாதம் இரண்டே பெட்டிகளில்தான் வித்தியாசம் வந்தது." வேலை ஒன்றுதான். இரண்டாவது பதிலைக் கேட்டால் ஆளே கண்ணுக்குத் தெரிகிறார்.

"நாங்கள்" என்று சொல்வது பணிவு என்று நமக்குப் பழகியிருக்கிறது. நேர்காணலில் அந்தப் பணிவு உங்களை மறைத்துவிடும். குழுவாகச் செய்ததைக் குழு செய்தது என்றே சொல்லுங்கள், அதில் உங்கள் பங்கு எது என்பதை "நான்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிறர் செய்ததை உங்களுடையதாகச் சொல்லாதவரை அதில் தற்பெருமை எதுவும் இல்லை.

ஆறேழு சம்பவங்களை எழுதி வைத்தால் போதும். ஒரு சிக்கலைத் தீர்த்தது, ஒரு தவறு செய்து திருத்திக்கொண்டது, ஒருவரோடு ஒத்துப்போகாமல் இருந்து சமாளித்தது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது, நெருக்கடியில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுத்தது. ஒரே சம்பவம் பல கேள்விகளுக்குக் கை கொடுக்கும். எண்கள் இருந்தால் சேருங்கள். எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு குறைந்தது. உண்மையான எண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் அடுத்த கேள்வி "அதை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும்.

எனக்கு வேலை அனுபவமே இல்லை. சம்பவங்களுக்கு எங்கே போவது?

சம்பளம் வாங்கியிருந்தால்தான் அனுபவம் என்று யாரும் சொல்லவில்லை. கல்லூரி ப்ராஜெக்டில் கூட இருந்தவர் பாதியில் விலகியபோது என்ன செய்தீர்கள்? ஒரு விழாவை நடத்தப் பொறுப்பேற்றீர்களா? தம்பி தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா? குடும்பக் கடையில் உட்கார்ந்தீர்களா? புதிதாக வருபவரிடம் குழு தேடுவது, கொடுத்த வேலையைத் தொடர்ந்து செய்வாரா, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வாரா என்பதைத்தான். ஒரு பெண், வீட்டில் நோயாளி ஒருவருக்கு மருந்து அட்டவணை தயாரித்து ஒரு வருடம் கவனித்துக்கொண்டதைச் சொன்னார். எத்தனை மருந்து, எப்படி மாறாமல் பார்த்துக்கொண்டார், ஒரு முறை தவறியபோது என்ன செய்தார் என்று விவரமாகச் சொன்னார். அன்று வந்தவர்களில் அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

"உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால்?

"நான் அளவுக்கு மீறி உழைப்பேன்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். உண்மையான ஒன்றைச் சொல்லி, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "கூட்டத்தில் பேசத் தயங்குவேன். இப்போது பேச வேண்டிய இரண்டு விஷயங்களை முன்பே எழுதிக்கொண்டு போகிறேன்" என்பது போல. அந்த வேலையின் அடிப்படைத் தேவையையே பலவீனமாகச் சொன்னால் மட்டும் சிக்கல். கணக்கர் வேலைக்கு வந்து எண்களில் கவனம் சிதறும் என்றால் யார்தான் எடுப்பார்கள்?

இடையில் இரண்டு வருடம் வேலையில் இல்லை. பழைய வேலையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

நேராக, சுருக்கமாக, உண்மையாக. "குடும்பத்தில் ஒருவரைக் கவனிக்க வேண்டியிருந்தது, இப்போது அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது." "ஆட்குறைப்பில் எங்கள் பிரிவையே மூடினார்கள்." ஒரு இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, இந்த வேலையைப் பற்றிய பேச்சுக்கு வந்துவிடுங்கள். நோய், குழந்தைப்பேறு போன்றவற்றின் விவரங்களைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பலர் இந்த இடத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோலப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கேட்பவருக்கு வேண்டியது காரணம் ஒன்று, அவ்வளவுதான். உங்கள் குரல் தாழத் தாழத்தான் இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும். பழைய மேலாளர் உண்மையிலேயே கொடுமைக்காரராக இருந்திருந்தாலும் அவரைத் திட்ட இது இடமில்லை. தேதிகளை மாற்றிச் சொல்லவே கூடாது. பழைய நிறுவனத்தில் விசாரித்தால் வெளிவந்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்தாலும் வேலை போகும்.

பதில்களை மனப்பாடம் செய்யலாமா?

வார்த்தைக்கு வார்த்தை வேண்டாம். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் சரிந்துவிடும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கைந்து குறிப்புச் சொற்கள் போதும்.

எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிப்பதும் அவ்வளவாக உதவாது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அதனால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்போது எல்லாம் சரளமாக ஓடும். வாயைத் திறந்தால்தான் எங்கே திக்குகிறது என்று தெரியும். போனில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் குரலை நீங்களே கேட்க முதலில் கூச்சமாக இருக்கும், இரண்டாம் நாள் பழகிவிடும். நண்பர் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொன்னால் இன்னும் நல்லது. பட்டியலில் இல்லாத இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா?

கேள்விகளைத் தயாரிக்கவும், மாதிரி நேர்காணல் நடத்திப் பார்க்கவும், உங்கள் பதிலில் எது புரியவில்லை என்று கேட்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பதிலையே எழுதி வாங்கி ஒப்பிக்க வேண்டாம். இப்போதெல்லாம் ஒரே மாதிரிப் பதில்கள் ஒரே நாளில் மூன்று பேரிடமிருந்து வருகின்றன. நேர்காணல் நடக்கும்போதே திரையில் அதைப் பார்த்துப் படிப்பது ஏமாற்று. கண் அசைவிலேயே தெரிந்தும் விடுகிறது.

பதற்றத்தில் கை நடுங்குகிறது, நாக்கு உலர்கிறது. என்ன செய்வது?

எனக்கும் நடுங்கியிருக்கிறது. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே இருக்கும் பதற்றத்தில் சிறு பங்குதான் வெளியே தெரிகிறது. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற ஆய்வாளர்கள் 2003-இல் இதைச் சோதித்தார்கள். மேடையில் பேசியவர்கள் தங்கள் பதற்றம் எல்லோருக்கும் தெரிகிறது என்று நினைத்த அளவுக்குக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசியவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள்.

இன்னொன்று, "அமைதியாக இரு" என்று மனதை அதட்டாதீர்கள். ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப்பேச்சில் நன்றாகச் செய்தார்கள். இரண்டிலும் இதயம் வேகமாகத்தான் துடிக்கிறது. பதற்றத்திலிருந்து உற்சாகத்துக்குத் தாவுவது, அமைதிக்கு இறங்குவதைவிட எளிது.

மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்து ஐந்தாறு முறை செய்யுங்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். கேள்வி வந்ததும் இரண்டு மூன்று விநாடி யோசியுங்கள். உங்களுக்கு யுகமாகத் தோன்றும் அந்த இடைவெளி, கேட்பவருக்குச் சிந்திக்கிறார் என்றே படும்.

பதில் தெரியாவிட்டால்?

தெரியாது என்று சொல்லுங்கள், ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். "இதை நான் செய்ததில்லை. இதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னதைச் செய்திருக்கிறேன், அதை வைத்து இப்படித்தான் தொடங்குவேன்" என்று உங்கள் யோசனை போகும் வழியைக் காட்டுங்கள்.

தாமஸ் எடிசன் தன்னிடம் வேலைக்கு வந்தவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகள் கொண்ட தேர்வு வைத்தார். 1921-இல் அந்தக் கேள்விகள் செய்தித்தாளில் வெளிவந்து பெரிய பேச்சானது. அதே ஆண்டு அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒலியின் வேகத்தைக் கேட்டபோது, புத்தகத்தில் எளிதாகக் கிடைப்பதைத் தலையில் சுமப்பதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத்தான் நல்ல குழுக்கள் விரும்புகின்றன. ஆனால் உங்கள் ரெஸ்யூமேயில் நீங்களே எழுதியதைப் பற்றிக் கேட்டால் இந்தப் பதில் செல்லாது. தெரியாத மென்பொருளின் பெயரை அதில் எழுதவே எழுதாதீர்கள்.

நேர்காணல் நடக்கும் மொழியில் எனக்குச் சரளம் இல்லையே?

சிறிய வாக்கியங்களில், நிதானமாகப் பேசுங்கள். உங்கள் துறைச் சொற்களையும், சம்பவங்களைச் சொல்லத் தேவையான வினைச்சொற்களையும் மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் "இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்று கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. புரியாமல் வேறெதற்கோ பதில் சொல்வதுதான் ஆபத்து. உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

என்ன உடை அணிவது?

அங்கே வேலை பார்ப்பவர்கள் அணிவதைவிட ஒரு படி கூடுதல் ஒழுங்காக, சுத்தமாக, உங்களுக்கு வசதியாக. புதுச் செருப்பை அன்று முதன்முதலாகப் போட வேண்டாம்.

வீடியோ நேர்காணலுக்குத் தனியாக என்ன செய்ய வேண்டும்?

வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். கேமரா கண் மட்டத்துக்கு வரும்படி அடியில் நான்கு புத்தகங்களை வையுங்கள். ஹெட்போன் போட்டால் எதிரொலி குறையும். முந்தைய நாளே இணைப்பைச் சோதித்து, இணையம் போனால் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். ஆள் இல்லாமல், திரையில் வரும் கேள்விக்குப் பதிலைப் பதிவு செய்யும் முறையும் இப்போது இருக்கிறது. யோசிக்க மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். கடிகாரம் வைத்துப் பழகாமல் அதில் உட்காராதீர்கள்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால்?

இதே வேலைக்கு, இதே அனுபவத்துக்கு மற்ற இடங்களில் என்ன தருகிறார்கள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இதற்குக் குறைந்தால் சேர முடியாது என்ற தொகை ஒன்றை உங்கள் மனதில் முடிவு செய்யுங்கள். முதல் சுற்றிலேயே கேட்டால், "பொறுப்புகளை முழுதாகத் தெரிந்துகொண்டு சொல்கிறேன், உங்கள் வரம்பு என்னவென்று சொல்ல முடியுமா?" என்று கேட்கலாம். வற்புறுத்தினால் ஒரு வரம்பு சொல்லுங்கள். அதன் கீழ் எல்லையே உங்களுக்குத் திருப்தி தரும் தொகையாக இருக்கட்டும், பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்பார்கள். வீட்டுக் கடனைக் காரணம் காட்டிக் கேட்காதீர்கள், செய்யப்போகும் வேலையைக் காட்டிக் கேளுங்கள்.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். என்ன கேட்பது?

"ஒன்றுமில்லை" என்று எழுந்துவிட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் எதை எதிர்பார்ப்பீர்கள்? இந்த இடம் ஏன் காலியானது? வேலையை யார், எப்படி மதிப்பிடுவார்கள்? இவற்றில் இரண்டைக் கேட்டாலே போதும். நீங்களும் அவர்களைத் தேர்ந்தெடுக்கத்தான் வந்திருக்கிறீர்கள். நான் முன்பு ஒரு வேலையில், இந்த இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்காமல் சேர்ந்துவிட்டேன். ஒன்றரை வருடத்தில் நான்காவது ஆள் நான் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எட்டு மாதம் தூக்கமில்லாமல் கழிந்தது.

வேலை உறுதி, ஆனால் முன்பணம் கட்ட வேண்டும் என்கிறார்களே?

கட்டாதீர்கள். பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கான வைப்புத்தொகை என்று என்ன பெயர் வைத்தாலும் சரி. நேர்காணலே இல்லாமல் வேலை உறுதி என்பது, சாட்டிலேயே எல்லாம் முடிவது, வங்கி விவரத்தையும் ஓடிபியையும் கேட்பது ஆகியவை மோசடியின் அடையாளங்கள். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்து, இப்படி ஒரு இடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை இல்லாத தவிப்பில் இருப்பவரிடம் பறிப்பதைப்போல வேதனையான விஷயம் வேறில்லை.

நேர்காணல் முடிந்ததும் செய்ய வேண்டியது உண்டா?

வெளியே வந்த உடனே, கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். மாலைக்குள் பாதி மறந்துவிடும். எதில் தடுமாறினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். அன்றோ மறுநாளோ நாலு வரியில் ஒரு நன்றி மின்னஞ்சல் அனுப்பலாம். சொன்ன தேதிக்குள் பதில் வரவில்லை என்றால் இரண்டு மூன்று வேலை நாட்கள் பொறுத்து ஒருமுறை விசாரியுங்கள். அதுவரை மற்ற விண்ணப்பங்களை நிறுத்த வேண்டாம்.

எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்கலாமா?

கேட்கலாம். "அடுத்த முறைக்கு எதைச் சரிசெய்துகொள்ளலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்" என்று பணிவாகக் கேளுங்கள். பலர் பதில் தர மாட்டார்கள், சிலர் தருவார்கள். ஒரு இடத்துக்கு ஐந்து தகுதியானவர்கள் வந்து, நான்கு பேரை அனுப்பிவைத்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நால்வரில் ஒருவரை ஆறு மாதம் கழித்து இன்னொரு இடம் காலியானபோது நாங்களே கூப்பிட்டு வேலை கொடுத்தோம். முதல் முறை சொன்ன "இல்லை"-க்கு அவர் நன்றி தெரிவித்து எழுதிய மின்னஞ்சல் அப்போதும் எங்கள் கோப்பில் இருந்தது.